'ஆம் ஐ ப்ளூ?': நூலகம் கழித்துவிட்ட ஒரு புத்தகத்தைப் பற்றி

முதலில் பொருளின் நிலவரம். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலையில் (பாரதி சாலை என்று மாற்றி எத்தனை வருடமானாலும் என் வாயில் அதுதான் வருகிறது) ஒரு பழைய புத்தகக் குவியலுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் 180 சொன்னார், நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி நடந்ததும் 120 ஆனது. ஏதோ ஒரு அமெரிக்க நூலகத்தின் பிரதி. முதுகில் பிளாஸ்டர் மாதிரி டேப், பின்னட்டைக்குள் தேதி முத்திரை குத்தும் தாள், முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'கழிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு பெரிய முத்திரை. தேதித் தாளைப் பார்த்தால் ஒரு கோடைக்காலத்தில் மட்டும் அடுத்தடுத்து ஐந்து தடவை போய் வந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. ஐந்து தடவையும் ஒரே ஆள்தான் எடுத்திருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன், ஆதாரமெல்லாம் கிடையாது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். 'ஆம் ஐ ப்ளூ?', அதாவது 'நான் நீலமா?'. 1994-இல் ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு. தொகுத்தவர் மேரியன் டேன் பாவர், அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குப் பெயர்பெற்றவர். கே, லெஸ்பியன் (தன் பாலினத்தவரையே விரும்பும் ஆண்கள், பெண்கள்) பிள்ளைகளின் வாழ்க்கையை வைத்து, அந்த வயதுப் பிள்ளைகளே படிப்பதற்காக, இந்த நூலுக்கென்றே எழுதி வாங்கிய 16 கதைகள். அமெரிக்காவில் பெரிய பதிப்பகம் ஒன்று இப்படியொரு தொகுப்பைக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை என்பார்கள். கே, லெஸ்பியன் இலக்கியத்துக்குத் தரும் லாம்ப்டா விருது கிடைத்தது. கூடவே 1990-களில் நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதிகம் எதிர்ப்பைச் சந்தித்த 100 புத்தகங்களின் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இரண்டுமே ஒரு வகையில் விருதுதான்.

'யங் அடல்ட்' என்ற அந்த அலமாரியே நம்மிடம் ஒழுங்காகக் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சிறுவர் மாத இதழ் படித்து முடித்த கையோடு நேராக அம்மா வாங்கும் மாத நாவலுக்குத் தாவினோம். பதினாலு, பதினைந்து வயதில் நம் தலைக்குள் என்ன ஓடுகிறதோ அதைப் பற்றி அந்த வயதுக்காரர்களுக்கென்றே யாரும் எழுதித் தரவில்லை. ஆண் பெண் காதலுக்கே அந்தக் கதி என்றால் மற்றதைக் கேட்கவா வேண்டும்.

தலைப்புக் கதை புரூஸ் கோவில் எழுதியது. வின்ஸ் என்ற பதினாறு வயதுப் பையனை, அவன் 'அப்படிப்பட்டவன்' என்று சந்தேகப்பட்டு ஒரு முரடன் அடித்துப் போடுகிறான். வின்ஸுக்குத் தன்னைப் பற்றியே இன்னும் தீர்மானமாகத் தெரியாது. அப்போது மெல்வின் என்று ஒரு ஆசாமி தோன்றி, நான்தான் உன் காவல் தேவதை, மூன்று வரம் தருகிறேன் என்கிறார். ஆங்கிலத்தில் தேவதையைக் குறிக்கும் 'ஃபேரி' என்ற சொல்லையே கே ஆண்களைக் கேலி செய்யவும் பயன்படுத்துவார்கள், அந்த வசவையே எடுத்து அவருக்கு உத்தியோகமாகக் கொடுத்திருக்கிறார் கோவில். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் 'ஒன்பது' என்று கூப்பிடுவார்களே, அந்த எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு குலதெய்வம் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த நகைச்சுவை. ஆனால் மெல்வினே ஒரு காலத்தில் இதே காரணத்துக்காக அடித்துக் கொல்லப்பட்டவர் என்பது தெரியவரும்போது சிரித்த வாய் அப்படியே நின்றுவிடும்.

கே, லெஸ்பியன் ஆட்கள் எல்லாருமே ஒருநாள் நீல நிறமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கதையின் விளையாட்டு. சிலர் கருநீலம், சிலர் வெளிர்நீலம், அவரவர் அளவுக்கு. ஊரில் யார் யாரெல்லாம் நீலமாகிறார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன், அந்த முரடனைப் பற்றி மட்டும் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பதென்றால் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு 'நீலம்' என்றதும் வேறு படம்தான் ஞாபகத்துக்கு வரும். பதினாறு வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் இந்தத் தலைப்பைச் சொல்லிவிட்டு ஆசிரியர் அந்தச் சிரிப்பை அடக்கவே பாதி பீரியட் போய்விடும்.

இப்போது என் குறை. அட்டையைப் பார்த்தால் கே, லெஸ்பியன் பிள்ளைகள் தாங்களே பேசுகிற புத்தகம் என்றுதான் தோன்றும். உள்ளே போனால் நிறையக் கதைகளில் பேசுபவர் பக்கத்தில் நிற்கிற ஆளாக இருக்கிறார். ஒன்றில் தங்கை அண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃபிரான்செஸ்கா லியா பிளாக்கின் கதையில் காதலனோடு சான் பிரான்சிஸ்கோவுக்குப் பயணம் போகிற பெண்ணிடம் அவன் உண்மையைச் சொல்கிறான், கேட்டுக்கொள்ள வேண்டியவள் அவள். இன்னொன்றில் மகன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதல் வாசிப்பில் எனக்கு எரிச்சலாக இருந்தது, அந்தப் பிள்ளைகள் பேசத்தானே இந்தப் புத்தகம், எதற்கு இத்தனை சாட்சிகள் என்று. இரண்டாவது தடவை படித்தபோது அந்த 'பக்கத்து ஆள்' கதைகளில் ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணம் நானே பக்கத்து ஆள் என்பதால் இருக்கலாம்.

லோயிஸ் லவ்ரி எழுதிய 'ஹோல்டிங்'. அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி விருதை இரண்டு முறை வாங்கியவர், இரண்டாவது முறை இதே 1994-இல். கதையில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தவர்கள், அப்பா கிறிஸ் என்பவரோடு வாழ்கிறார். கிறிஸ் இறந்துபோகிறார். மகன் அப்பாவிடம் போகிறான். அவனுடைய நெருங்கிய நண்பன் இத்தனை வருடமும் கிறிஸ் என்றால் ஒரு பெண், அதாவது சின்னம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இவன் பொய் சொன்னதில்லை. அவன் அப்படி நினைத்துக்கொண்டான், இவன் திருத்தவில்லை, அவ்வளவுதான். அந்தத் திருத்தாமல் விட்டதைத்தான் கதை தூக்கிப் பிடித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் கிறிஸ் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் என்பதால் இந்த ஒளிவு சாத்தியமாகிறது.

நமக்கு அதைவிட வசதியான இடம் இருக்கிறது, 'அவங்க'. என் சித்தி பையன் ஒருவன், என்னைவிடப் பதினொரு வயது சின்னவன், கல்லூரி சேர்ந்த முதல் இரண்டு வருடம் போனில் பேசும்போதெல்லாம் 'அவங்களோட படத்துக்குப் போனேன்', 'அவங்க ஊர்ல இல்ல' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். சித்தி உடனே பெண் என்று முடிவு கட்டி, எந்த ஊர், என்ன ஆளுங்க என்று என்னிடம் துருவ ஆரம்பித்துவிட்டார். மரியாதையாகப் பேசுகிறான், நல்ல பிள்ளை என்று நானும் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் மெரினாவில் சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான். சொன்ன பிறகும் 'அவங்க' போகவில்லை, பழகிவிட்டது. நானும் பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் துருவுகிற மாதிரி இருக்குமோ என்று தயக்கம். லவ்ரியின் கதையைப் படித்த பிறகுதான், கேட்காமல் இருந்ததும் ஒரு வகையில் அந்த நண்பன் செய்த வேலைதானோ என்று உறைத்தது.

மொழி இப்படிப் போர்வையாகிற இன்னொரு கதை வில்லியம் ஸ்லீட்டர் எழுதிய 'இன் த டனல்ஸ்'. வியட்நாம் போர், அமெரிக்கக் குண்டுவீச்சுக்குக் கீழே சுரங்கப் பாதைகளில் ஒளிந்து போரிடும் இளம் கெரில்லாக்கள், இருட்டு, மண் வாசனை, மூச்சுத் திணறல், அதற்குள் ஒரு காதல். கதை சொல்பவர் 'நான்' என்று சொல்வதால் ஆணா பெண்ணா என்று நாமாகவே எதையோ எடுத்துக்கொள்கிறோம், கடைசியில் அது காலை வாரிவிடுகிறது. (சொல்லியிருக்கக் கூடாதோ? மன்னியுங்கள், முப்பது வருடம் ஆன புத்தகம்.) இதைத் தமிழில் கொண்டுவரலாம், 'நான் தவழ்ந்தேன், நான் பயந்தேன்' என்று எழுதினால் தமிழிலும் பால் தெரியாது. அடுத்த ஆளைப் பற்றிச் சொல்லும்போதுதான் 'அவன்', 'அவள்' வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்துக்கும் அதே தொல்லைதான், ஆனால் தமிழில் சர்வநாமத்தைத் தவிர்த்தாலும் 'சிரித்தான்' என்று வினை வந்து போட்டு உடைத்துவிடும். மொழிபெயர்ப்பாளர் நிறையவே தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பள்ளிக்கூடமும் வீட்டு முற்றமுமாகப் போகும் தொகுப்பில் இந்த ஒரு கதை தனியாகத் தெரிகிறது, அதுவும் அமெரிக்க எழுத்தாளர் எதிரிப் படையின் பையனுக்குள் புகுந்து எழுதியிருப்பது.

எம். இ. கெர் எழுதிய கதையைப் பற்றி நிறையச் சொல்லலாம். பேத்தி தான் லெஸ்பியன் என்பதைப் பாட்டியிடம் சொல்கிறாள். யூதப் பாட்டி. நாஜிகள் ஆண்ட ஜெர்மனிக்கு இளம்வயதில் தோழியோடு விடுமுறைக்குப் போனபோது, யூதர்கள் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த இடத்தில் தான் யார் என்பதைச் சொன்னதை அவர் பேத்தியிடம் சொல்கிறார். பாட்டிக்குப் புரிந்துவிடுகிறது. அம்மாவுக்கு? அம்மாதான் இந்தக் கதையின் வலி. நம் வீடுகளிலும் ஒரு தலைமுறை தாண்டிப் போய்ச் சொன்னால் சில சமயம் சுலபம், ஆச்சி 'சரி போ, சாப்டியா' என்று விட்டுவிடுவார், பெற்றவர்கள்தான் ஊர் என்ன சொல்லும் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தக் கெர் யார் என்று தெரிந்துகொண்டு படித்தால் கதைக்கு இன்னொரு கனம் கூடும். 1952-இல் வேறொரு புனைபெயரில், விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு கல்லூரிப் பெண்களின் காதலை நாவலாக எழுதியவர். அப்போது பதிப்பாசிரியர் போட்ட நிபந்தனை, முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது, இருந்தால் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப விடாமல் தபால் துறையே தடுத்துவிடும் என்று. எனவே ஒருத்திக்கு மனநிலை பிறழ வேண்டும், இன்னொருத்தி நான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று விலக வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர் நாற்பத்திரண்டு வருடம் கழித்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகு, யாருக்கும் பைத்தியம் பிடிக்காத ஒரு கதையைப் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்.

நான்சி கார்டனும் இருக்கிறார். அவருடைய 1982 நாவலில் இரண்டு பெண்கள் காதலித்துக் கடைசியில் உயிரோடு இருந்தார்கள், ஒன்றும் சேர்ந்தார்கள், அதுதான் குற்றம். 1993-இல் கான்சாஸ் நகரில் அந்த நாவலை எரித்தார்கள். பக்கத்து ஊரான ஒலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட, 1995-இல் நீதிமன்றம் திருப்பி வைக்கச் சொன்னது. அந்த நெருப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவில் வந்ததுதான் இந்தத் தொகுப்பு. இதில் அவர் எழுதியிருக்கும் கதை, பள்ளியில் பெற்றோர் வரும் நாளில் கே, லெஸ்பியன் மாணவர்களுக்கு ஆதரவான தன் சங்கத்தின் மேசையில் நிற்கப்போகும் ஒரு பெண் அதற்கு முன் வீட்டில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி. உண்மையைச் சொன்னால் கதை கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரிதான் நகர்கிறது, எல்லாரும் சரியான நேரத்தில் சரியானதைப் பேசுகிறார்கள். ஆனால் எழுதியவரின் புத்தகம் அதற்கு முந்தின வருடம்தான் எரிந்தது என்று தெரிந்தால் அதைப் பெரிதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தொகுப்பாசிரியர் பாவர் எழுதிய 'டான்சிங் பேக்வேர்ட்ஸ்' தொகுப்பின் நல்ல கதைகளில் ஒன்று. விடுதிப் பள்ளியில் இரண்டு தோழிகள். அவர்களுக்கே தங்களைப் பற்றி ஒன்றும் புரிவதற்கு முன்னால் பள்ளி நிர்வாகம் புரிந்துகொண்டு வெளியே அனுப்பிவிடுகிறது. தண்டனை முதலில், அர்த்தம் பிறகு. நான் படித்த விடுதியில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) ப்ளஸ் ஒன் படித்த இரண்டு பெண்களின் கட்டில்களை வார்டன் அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துப் போட்டார். காரணம் யாரும் சொல்லவில்லை. இரும்புக் கட்டில் சிமெண்ட் தரையில் இழுபட்ட சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்து கெமிஸ்ட்ரி படிப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். அதில் ஒருத்தி அடுத்த டெர்முக்கு வரவே இல்லை. இந்தக் கதையைப் படிக்கும்வரை அவர்கள் பக்கத்திலிருந்து அதை நான் யோசித்தே பார்த்ததில்லை.

ஜாக்குலின் உட்சன் கதையில் இரண்டு கோடைக்காலத் தோழிகள், அதில் ஒருத்தி லெஸ்பியன் பெண்களைப் பற்றி இளக்காரமாகப் பேசப் பேச நட்பு நழுவுகிறது. சத்தமே இல்லாத கதை, நல்ல கதை. ஜேன் யோலன் கதை அவருடைய கற்பனை உலகத்து வீராங்கனைகளைப் பற்றியது, அவருடைய நாவல்களைப் படித்தவர்களுக்குச் சுவையாக இருக்கலாம், எனக்கு வேறு வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கிரெகரி மகுவாயர் கதையில் இரண்டு பையன்கள் பள்ளிக்காக இயேசு பிறப்பின் இடையர்களை வைத்துப் படம் எடுக்கிறார்கள், மகுவாயரே அடிக்கடி நடுவில் புகுந்து தான் கதையை எப்படி நகர்த்துகிறார் என்று விளக்குகிறார். ஒரு தடவை செய்தால் அழகு. மற்றவற்றில் இரண்டு மூன்றின் பெயரே எனக்கு இப்போது நினைவில்லை.

ஒவ்வொரு கதைக்குப் பிறகும் எழுதியவர் தன்னைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருக்கிறார். பலபேர் கதையோடு நிறுத்திவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், போகாதீர்கள். எழுதியவர்களில் கே, லெஸ்பியன் எழுத்தாளர்களும் உண்டு, அல்லாதவர்களும் உண்டு, ஏன் எழுத ஒப்புக்கொண்டேன் என்று அவரவர் சொல்லும் இடம் சில கதைகளைவிட நன்றாக இருக்கிறது.

பழையது என்பதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. கைப்பேசி இல்லை, இணையம் இல்லை, தன்னைப் போல் இன்னொருவர் இருக்கிறாரா என்று தேட வேண்டுமானால் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். திருநர் பிள்ளைகள் கண்ணில் படவே இல்லை, இருபாலீர்ப்பு ஏதோ ஓரத்தில் வந்து போகிறது. 2018-இல் சாண்ட்ரா மிட்செல் தொகுத்த 'ஆல் அவுட்' என்ற 17 கதைகளின் தொகுப்பில் அந்த வாசல்களெல்லாம் திறந்திருக்கின்றன. ஆனால் அதில் எல்லாமே வரலாற்றுப் பின்னணிக் கதைகள், ராணிகளும் மாலுமிகளும் வருவார்கள். பக்கத்து பெஞ்சில் உட்காரும் பையன் வேண்டுமென்றால் இந்தப் பழைய புத்தகம்தான் எனக்குச் சரிப்பட்டது.

இங்கே வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: ஆங்கிலம் சுலபம்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துவிடும். படுக்கையறைக் காட்சி இருக்குமோ என்ற பயம் வேண்டாம், நம் சினிமாப் பாட்டுகளில் வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டில் பேச்சு எடுப்பதற்குச் சொல் இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் ஒரு லெஸ்பியன் இணையின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழக அரசு தமிழில் ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. 'அது', 'அந்த மாதிரி', 'அப்படிப்பட்ட' என்று இழுத்துக்கொண்டிருந்த என் சித்திக்கு அதை அச்செடுத்துக் கொடுத்தேன், படித்துவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். எறியவில்லை, அதுவே பெரிய விஷயம்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், கதைகளுக்கு மூன்றரை, எழுத்தாளர் குறிப்புகளுக்கு அரை, லவ்ரியின் கதைக்கு என் சொந்தக் கணக்கில் இன்னும் அரை. புதுப் பிரதிக்கு நம் கடைகளில் அலைய வேண்டியிருக்கும், பழைய புத்தகக் கடைகளில் கண்ணை வைத்திருங்கள்.

என்னிடம் இரவல் கேட்டுச் சிலர் எழுதுவீர்கள் என்று தெரியும். போன மாதம் சித்தி பையனிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் படித்துவிட்டான், தலைப்புக் கதையும் சுரங்கக் கதையும் பிடித்ததாம், யோலன் அவனுக்கும் பிடிக்கவில்லை. திருப்பித் தா, நாலு பேர் கேட்கிறார்கள் என்று நேற்று போன் செய்தேன். "இரு அக்கா, அவன் படிச்சிட்டு இருக்கான். ரொம்ப மெதுவாத்தான் படிப்பான்" என்றான்.